மலை ஏறுகிறவளுக்கு என்ன கொடுக்கலாம்?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர்களைப் பேசக் கூப்பிட்டால் சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று பயமுறுத்துவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று அந்தப் பேச்சு இல்லை. அன்பளிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

நம் ஊரில் பெண்கள் ஒருவருக்கொருவர் என்ன கொடுக்கிறோம்? சுவர்க்கடிகாரம், பிளாஸ்கு, ஆறு கோப்பை கொண்ட தேத்தண்ணி செட். எங்கள் வீடுகளில் பிரிக்காத தேத்தண்ணி செட் மூன்று நான்கு கிடக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு எங்கள் வகுப்பில் சிலருக்கு மலை ஏறும் ஆசை பிடித்துக்கொண்டது. முதலில் ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு வரை போய் வந்தோம். சுற்றிவர ஏறத்தாழ 9 கிலோமீற்றர். அதற்குப் பிறகு பிறந்த நாளுக்கும் பெருநாளுக்கும் எங்களுக்கு என்ன கொடுப்பது என்று வீட்டாருக்குப் பெரிய குழப்பம். அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைப்பதுதான் இந்தப் பேச்சு.

அதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் சேர்ந்து பாவாத மலைக்குப் போனோம். உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கத்தால் ஏறினால் 5,000க்கு மேற்பட்ட படிகள். இரவில் ஏறி, சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டு, சந்தோசமாக இறங்கி வந்துகொண்டிருந்தோம். பாதி வழியில் எங்களில் ஒருத்தி கண் இருண்டு படியில் சரிந்துவிட்டாள். உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை, நாடி வேகமாக ஓடுகிறது. விசாரித்தால், முதல் நாள் பின்னேரத்திலிருந்து அவள் தண்ணீரே குடிக்கவில்லை. இருட்டில், ஆண்கள் நிறைந்த பாதையில், மலசலகூடம் தேடி அலைய வேண்டி வருமே என்ற வெட்கம். பிரஷருக்குக் குடிக்கும் குளிசையோ சிறுநீரைக் கூட்டும் வகை. அதை மட்டும் தவறாமல் குடித்திருக்கிறாள்.

எங்களோடு அன்று இரண்டு வைத்தியர்கள் இருந்தோம். ஒருவர் பையிலும் ஒரு பக்கெட் ஜீவனி இல்லை. புகைப்படம் எடுக்கும் தடி இரண்டு இருந்தது.

எங்களைக் காப்பாற்றியது வெள்ளை உடுத்து இறங்கி வந்த ஒரு சிங்களப் பெரியம்மா. துணிப்பையைத் திறந்து தேசிக்காய், உப்பு, சீனி, சின்னக் கத்தி எல்லாவற்றையும் எடுத்துப் படியில் வைத்தார். கால்களை உயர்த்திப் படுக்கவைத்து, மிடறு மிடறாகப் பருக்கினோம். முக்கால் மணித்தியாலத்தில் எழுந்து உட்கார்ந்தாள். அல்ஹம்துலில்லாஹ், இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். பெயர் சொல்லக் கூடாது என்று கட்டளை.

அந்தத் தேசிக்காய்க்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1344ஆம் ஆண்டு இப்னு பதூதா இந்த மலைக்கு வந்தார். வழியில் அட்டைகள் பாய்ந்து ஒட்டுவதையும், மக்கள் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து அதன் சாற்றைப் பிழிந்து அவற்றை விழுத்துவதையும் எழுதி வைத்திருக்கிறார். பாறையில் பிடித்து ஏறக் கட்டியிருந்த சங்கிலிகளையும் சொல்கிறார். அதில் ஒன்றுக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயராம். அந்த இடத்தில் கீழே பார்த்தவன் பயத்தில் கலிமாச் சொல்லிவிடுவானாம். ஏறத்தாழ 700 வருடத்துக்கு முன்பே மலைக்கு என்ன கொண்டுபோவது என்று தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். நாங்கள்தான் வெறுங்கையோடு போயிருக்கிறோம்.

சரி, இனிப் பட்டியல்.

முதலாவது, சப்பாத்து வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஆசையாகத்தான் வாங்குவீர்கள், அளவு பிழைத்துவிடும். இறக்கத்தில் விரல் முன்னால் முட்டி நகம் கறுத்து விழும். அவளையே கடைக்குக் கூட்டிப் போங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில் போங்கள். விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். திடீர் அன்பளிப்புத்தான் வேண்டுமென்றால் இரண்டு சோடி நல்ல காலுறை கொடுங்கள். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து கொப்பளம் போடும். கம்பளியோ கெதியில் காயும் செயற்கை நூலோ நல்லது. நீரிழிவு உள்ளவளுக்கு உள்ளே தையல் முட்டாத காலுறை. அவள் ஒவ்வொரு தங்குமிடத்திலும் காலைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த கால் புண்ணானாலும் சொல்லாது.

இரண்டாவது, தலையில் கட்டும் டோர்ச். கைப்பேசி வெளிச்சத்தில் படி ஏறினால் ஒரு கை வீணாகிவிடும், பற்றரியும் இறங்கிவிடும். அவசரத்துக்கு 1990 அம்பியூலன்ஸை அழைக்க அந்தப் பற்றரி தேவை.

மூன்றாவது, ஒரு விசில். மிகவும் மலிவான அன்பளிப்பு. வழி தவறினால் கத்தித் தொண்டையைக் கெடுக்க வேண்டாம். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஊத வேண்டும். உலகம் முழுவதும் மலை ஏறுகிறவர்களுக்குத் தெரிந்த அடையாளம் அது.

நான்காவது, கைத்தடி. முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. ஒரு தடி அந்தப் பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும்.

ஐந்தாவது, நம் மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்று. சிரிக்காதீர்கள். குளிருக்குப் போர்வை, வியர்வைக்குத் துவாய், தொழுகைக்கு விரிப்பு. கை முறிந்தால் தொங்கவிடும் கட்டு. இரண்டு சாரனும் இரண்டு உறுதியான கம்பும் இருந்தால் ஆளைத் தூக்கும் காவுகட்டில். எல்லாவற்றையும்விட முக்கியம், நான்கு மூலையையும் தோழிகள் பிடித்தால் அது மறைப்பு. அன்று எங்களிடம் ஒரு சாரன் இருந்திருந்தால் அவள் தண்ணீர் குடித்திருப்பாள். வெட்கத்தால் தண்ணீரைக் குறைக்கும் பெண்கள் மலையில் மட்டும் இல்லை. நீண்ட பஸ் பயணத்திலும், வேலை செய்யும் இடத்திலும் அப்படித்தான். அடிக்கடி சிறுநீர்க் கிருமித்தொற்று என்று வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

ஆறாவது, உடுப்பு. நிலத்தைத் தொடும் அபாயா படியில் காலைத் தடுக்கும். கணுக்காலுக்கு மேலே நிற்கும் நீண்ட மேற்சட்டையும் தளர்ந்த காற்சட்டையும் ஊர்த் தையல்காரியிடம் தைத்துக் கொடுங்கள். குண்டூசி தேவைப்படாத, கெதியில் காயும் தலைத்துணி ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். நனைந்த பருத்தித் துணி உச்சிக் காற்றில் நடுங்க வைக்கும்.

ஏழாவது, ஒரு சின்ன மருந்துப் பை. ஜீவனி நான்கு பக்கெட். ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாக அல்ல. பிளாஸ்டர், ஒரு சுற்றுத் துணிக்கட்டு, பேரீச்சம்பழம், உப்பு, இரண்டு தேசிக்காய். அவள் குடிக்கும் குளிசைகளின் பெயரை எழுதிய ஒரு துண்டு. பிரஷர் குளிசையும் சீனிக் குளிசையும் அன்றைக்கு எப்படிக் குடிப்பது என்று புறப்படும் முன் தன் வைத்தியரிடம் கேட்டுவிட வேண்டும். பாம்பு கடித்தால் கயிற்றால் இறுகக் கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். கடிபட்ட காலை அசையாமல் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். இதையும் அந்தத் துண்டின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். பை துணியில் இருக்கட்டும். ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீனை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

நடக்கிறவர்களுக்குக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. ஆடி மாதத்தில் கல்முனைப் பிரதான வீதியால் கதிர்காமத்துக்கு நடந்து போகும் யாத்திரீகர்களைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். பொத்துவில் தாண்டி, உகந்தையில் காட்டுக்குள் இறங்கி, குமணவும் யாலவும் கடந்து போகிறவர்கள். கடும் வெயிலில் வாசலுக்கு வருகிறவருக்குத் தண்ணீர் கொடு என்று எங்கள் உம்மாமார் சொல்வார்கள். யார், எந்த ஊர் என்று கேட்டதில்லை. மலையில் அந்தப் பெரியம்மாவும் எங்களிடம் கேட்கவில்லை.

ஆனால் அந்த உம்மாமாரை யாராவது ஒரு நாளாவது நடக்க விட்டோமா? அடுப்படியிலிருந்து கிணற்றடி வரை நடந்தார்கள். ஐம்பது வயதில் முழங்காலும் சீனியும் பிடித்துக்கொண்டு எங்கள் கிளினிக் வாங்கில் வந்து உட்கார்ந்தார்கள். ஆகவே எட்டாவது அன்பளிப்பு கடையில் கிடைக்காது. இரண்டு நாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம், மாமியின் மருந்தை நேரத்துக்குக் கொடுக்கிறோம், சோறு நாங்களே ஆக்கிக்கொள்கிறோம், நீ போய் வா என்று சொல்லும் இரண்டு நாள். கணவன்மாரும் மகன்மாரும் கொடுக்கலாம். மருமகளுக்கு மாமியும் கொடுக்கலாம்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இன்று மலைநாட்டில் பீக்கோ ட்ரெயில் என்று 300 கிலோமீற்றருக்கு மேலான நடைபாதை 22 கட்டங்களாகத் திறந்து கிடக்கிறது. நம் பிள்ளைகளும் ஒரு கட்டமாவது நடக்கட்டும். நூற்றாண்டு நினைவாகக் கல்லூரிக்கு ஒரு பெட்டி கொடுப்போம். பத்துத் தலை டோர்ச், பத்து விசில், ஆறு கைத்தடி, நான்கு சாரன், ஒரு மருந்துப் பை. சுற்றுலா போகும் வகுப்பு இரவல் எடுத்துப் போய்த் திருப்பித் தரட்டும். முதல் நான்கு சாரனையும் எங்கள் வகுப்புக் கொடுக்கிறது. தேசிக்காயைப் பொறுப்பெடுத்திருப்பவள், அன்று படியில் சரிந்தவள்.

எங்களுக்கு எழுத்தும் துணிவும் தந்த இந்தக் கல்லூரி இன்னும் நூறாண்டு வாழ வல்ல இறைவன் அருள்புரிவானாக. தண்ணீர் குடியுங்கள்.