ஏஐ ஏஜென்டுக்கு எழுதும் குறிப்பு

சங்க அறிவிப்புகளை டெலிகிராமில் அனுப்ப ஏஐ ஏஜென்ட் வைக்கலாம் என்கிறார்கள். வைக்கலாம். ஆனால் 'செய்தி அனுப்பும் கருவி' என்று மட்டும் அதற்கு எழுதிக் கொடுத்தால் போதாது. யாருக்குப் போகும், திரும்பப் பெற முடியுமா என்பதையும் எழுதுங்கள். டெலிகிராமில் ஒரு செய்திக்கு 4096 எழுத்துதான். பாட் அனுப்பியதைப் பொதுவாக 48 மணி நேரத்துக்குள்தான் அழிக்கலாம். அழித்தாலும் படித்தவர் படித்தவர்தான்.

காசோலையில் இரண்டு கோடு இருந்தால் கவுன்ட்டரில் பணம் தரமாட்டோம். கருவிக் குறிப்பிலும் அந்தக் கோடு வேண்டும். ஹைதராபாத் இன்காய்ஸ் வெளியிடும் கடல்நிலை அறிக்கையில் நேற்றையதை இன்று அனுப்பிவிட்டால், நம் படகு பழவேற்காடு முகத்துவாரத்தைத் தாண்டிப் போய்விடும். "அறிக்கை இன்றைக்கானது இல்லையென்றால் அனுப்பாதே, செயலாளரைக் கேள்" என்பதை முதல் வரியாக எழுதுங்கள்.