கரிசக்காட்டில் இரண்டு அறைகள்



மதுரையிலிருந்து தெற்கே வரும்போது திருமங்கலம் தாண்டியதும் மண் கறுக்கத் தொடங்கும். விருதுநகர் வந்து சேர்வதற்குள் இருபுறமும் கரிசல்தான். சாத்தூரில் இறங்குங்கள். ரயிலில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் வெள்ளரிக்காய்க் கூடையும் காராச்சேவுப் பொட்டலமும்தான் முதலில் எதிர்கொள்ளும். இரண்டிலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, வைப்பாறு வருகிற திசையைப் பார்த்து, வெம்பக்கோட்டைப் பக்கமாகப் போக வேண்டும். இன்று நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிற இடம் அந்த வழியில் பிரிகிற ஒரு வண்டிப்பாதையின் முடிவில் இருக்கிறது. ஒரு வேப்பமரம், ஒரு களம், ஒரு கிணறு, மாட்டுத் தொழுவத்தை மாற்றிக் கட்டிய இரண்டு அறைகள். ராத்தங்கலாம், காலையில் சாப்பாடு உண்டு. என் பெரியப்பா மகனும் மதினியும் நடத்துகிறார்கள். பெரியம்மாவும் அங்கேதான் இருக்கிறார்.

தாத்தா விட்டுப்போன மானாவாரிப் புஞ்சை அது. மூன்று பங்காகப் பிரிந்தது. ஒரு பங்கு விலையாகிக் கைமாறிப் போனது. ஒரு பங்கு இருபது வருஷமாக ஏர் காணாமல் சீமைக்கருவேலங்காடாகிவிட்டது. உள்ளே காட்டுப்பன்றிதான் குடித்தனம். மீதி நான்கு ஏக்கர் அண்ணனுடையது. அதை விடாமல் விதைத்துக்கொண்டிருக்கிறார். உளுந்து, பாசிப்பயறு, கம்பு, ஊடே கொஞ்சம் பருத்தி, ஒரு மூலையில் குதிரைவாலி.

நான்கு ஏக்கர் மானாவாரி ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது. விருதுநகர் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். பெய்தால் கரிசலைப் போன்ற தாய்மண் கிடையாது. குடித்த தண்ணீரை மாதக்கணக்கில் மடியில் வைத்திருந்து, மழை நின்ற பிறகும் பயிருக்குக் கொஞ்சங்கொஞ்சமாக ஊட்டும். பெய்யாவிட்டால் விதைத்ததும் போச்சு, உழுத கூலியும் போச்சு. கோவில்பட்டியில் 1901 முதல் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்காகவே இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஆராய்ந்தும் மழையை யாரும் வரவழைக்க முடியவில்லை. ஆகவே வேறு ஏதாவது வருமானம் வேண்டும் என்ற நிலையில்தான் மதினிக்கு இந்த அறைகளின் யோசனை வந்தது.

கட்டுவது லேசான காரியமாக இல்லை. கரிசலில் வீடு கட்டுவதென்றால் மண்ணோடு பேசித்தான் கட்ட வேண்டும். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அதன் இழுப்புக்குச் சுவர் விரிசல் விடும். கரிசலை ஆழத் தோண்டி அள்ளிப் போட்டுவிட்டு, சரள் மண்ணைக் கொட்டிக் கெட்டித்து, அதன்மேல் அஸ்திவாரம் எழுப்பினார்கள். தொழுவத்தின் பழைய கல்தூண்களை அண்ணன் எடுக்க விடவில்லை. மாடு உரசி உரசி வழவழப்பான தூண் ஒன்று இப்போது கட்டில் தலைமாட்டில் நிற்கிறது. சித்திரை, வைகாசியில் போனால் வாசலுக்கு அப்பால் நிலம் வெடித்துக் கிடக்கும். முழங்கை வரை உள்ளே போகிற வெடிப்புகள். கார்த்திகையில் அதே இடத்தில் கால் வைத்தால் மண் செருப்போடு வந்துவிடும். இரண்டு காலத்திலும் போய்ப் பாருங்கள் என்பேன். வெடித்த கரிசலைப் பார்க்காதவருக்கு அது நனைகிற நாளின் மணம் முழுசாகப் புரியாது.

ஆனால் கட்டடத்தைவிடப் பெரிய தடை பெரியம்மா. "வீடு தேடி வந்தவங்களுக்குச் சோறு போட்டுட்டுக் காசுக்குக் கையேந்துறதா? உங்க தாத்தா இருந்தா நாக்கைப் பிடுங்கிக்கிடுவாரு" என்றார். மூன்று மாதம் அந்தப் பேச்சே எடுக்க முடியவில்லை. நான் பெரியம்மா பக்கம்தான். கரிசல் ஏழைப்பட்ட பூமிதான். ஆனால் களத்துக்கு வந்து நின்ற வழிப்போக்கனுக்கு ஒரு சொம்பு கூழ் கொடுக்காத வீட்டை ஊர் பேசும். விருந்தும் விலையும் ஒரே திண்ணையில் உட்கார முடியாது என்று அவர் நினைத்ததில் என்ன தவறு?

கடைசியில் அவரே வழி சொன்னார். அறைக்கு வாடகை வாங்கிக்கொள்ளலாம். சோற்றுக்குத் தனியாகக் காசு வாங்கக் கூடாது. "வாடகைன்னா சுவருக்கும் கூரைக்கும். சோறு என் கையால போடுறது, அதுக்கு விலை கிடையாது." உலகம் முழுக்க இப்படித் தங்கவைக்கிற வீடுகளில் படுக்கையோடு காலை உணவையும் சேர்த்தே கொடுப்பார்கள். அந்த வழக்கத்தைக் கேள்விப்படாத பெரியம்மா, தன் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

அந்தச் சோற்றைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. காலையில் உளுந்தங்களி. கறுப்பு உளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றித் தருவார் மதினி. இன்னொரு நாள் கம்பங்கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். குதிரைவாலிச் சோறு என்றால் காணப்பயற்றுத் துவையல். தை மாதமானால் பனங்கிழங்கு. மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு மட்டும் வாய்க்கிற ஒன்று இருக்கிறது: அதலைக்காய். பாகல் இனம், சுண்டுவிரல் பருமன், கசப்பு. யாரும் விதைப்பதில்லை. கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து, மழை விழுந்ததும் தானாகக் கொடி ஓடிக் காய்க்கும். பறித்த காயை வைத்திருக்க முடியாது, மறுநாளே வெடித்துவிடும். அதனால் தூரத்து ஊர்ச் சந்தைகளுக்கு அது போவதில்லை. பறித்த அன்றே வெங்காயம் நிறையப் போட்டு எண்ணெயில் சுருள வதக்கிச் சாப்பிட வேண்டும். கரிசல்காரர்கள் இதற்காக ஏங்குவார்கள். சென்னையில் முப்பது வருஷம் இருந்த என் சித்தப்பா, ஊருக்கு வந்தால் முதலில் கேட்பது "அதலைக்காய் வந்துட்டா?" என்றுதான்.

அறையில் டி.வி. இல்லை. ஒரு மர அலமாரியில் கி. ராஜநாராயணனின் புத்தகங்கள் இருக்கின்றன. 'கோபல்ல கிராமம்' எழுதிய அவருடைய இடைசெவல், கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர். இதே மண். அவர் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைப் புரட்டிவிட்டு, அதிலிருக்கிற சொற்களை மறுநாள் பெரியம்மா வாயிலேயே கேட்கலாம்.

இரவில் மேற்கே பாருங்கள். பகலில் நீலக்கோடாகத் தெரிந்த மேற்குத் தொடர்ச்சி மலை இருட்டில் மறைந்துவிடும். அந்தப் பக்கத்திலிருந்து சில சமயம் ஒரு ராக்கெட் எழும்பிப் பூத்து அணையும். திருவிழாவோ, ஏதோ ஒரு கல்யாணமோ என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். பட்டாசு ஆலைக்காரர் யாரோ சரக்கைச் சோதித்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

விடியற்காலையில் வண்டிப்பாதையின் முனையில் ஆலை வேனின் ஹாரன் கேட்கும். தூக்குச்சட்டியோடு பெண்கள் ஏறுவார்கள். இந்தியாவின் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று விரிந்து கிடக்கிற இந்த வட்டாரத்தில்தான் உருவாகிறது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, பட்டாசுக்கு லேபிள் ஒட்ட அச்சகம், அச்சகத்திலிருந்து காலண்டர். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது இன்றும் சிவகாசியின் வழக்கம். இத்தனைக்கும் ஆதாரம் இந்த வறட்சிதான். மழை குறைந்த ஊர் என்பதால் தீக்குச்சியும் மருந்தும் சீக்கிரம் காய்ந்தன. விளையாத நிலம் என்பதால் ஆட்கள் கிடைத்தார்கள். காட்டைக் காயப்போட்ட அதே வெயில்தான் ஆலையை வளர்த்தது.

தங்க வருகிறவர்களில் பலர் பட்டாசு ஆலையைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதுண்டு. அண்ணன் மறுத்துவிடுவார். வேலையில்லாதவர் உள்ளே போகக் கூடாது, செல்போனுக்கும் இடமில்லை. தூரத்தில் நின்று பார்த்தாலே விளங்கும். சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று எட்டத்தில், தனித்தனியாக நிற்கும். ஒன்று வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி அது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தப் புகையை எங்கள் களத்திலிருந்தே பார்த்ததாகப் பெரியம்மா சொல்வார். அதற்குமேல் சொல்ல மாட்டார். அந்த இடைவெளியைச் சுற்றுலாப் பயணியின் கண்ணால் பார்க்க எனக்கும் மனம் வரவில்லை.

ஆனால் அந்தப் பெண்களைச் சந்திக்கலாம். சாயங்காலம் வேன் இறக்கிவிட்டதும் சிலர் எங்கள் தொட்டியில் கை கழுவ வருவார்கள். அலுமினியப் பொடி படிந்து விரல்கள் வெள்ளியாய் மின்னும். போன வருஷம் தங்கியிருந்த ஒரு சிறுமி அவர்களில் ஒருவரிடம், "அக்கா, உங்க கை ஏன் இப்படி ஜொலிக்குது?" என்று கேட்டாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே அவள் உள்ளங்கையில் விரலால் ஒரு நட்சத்திரம் வரைந்தார். பிறகு, "சோப்புப் போட்டு நல்லாக் கழுவிரு தாயி, வாயில வச்சிராத" என்றார். 2018 அக்டோபரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை வந்தபின் வேலைநாட்கள் நிச்சயமில்லாமல் போயின என்று இவர்களே சொல்கிறார்கள். அப்படி ஆலை மூடிக் கிடக்கிற நாட்களில்தான் எங்கள் காட்டுக்குக் களையெடுக்க ஆள் கிடைக்கும். தீபாவளி நெருங்கும் புரட்டாசி, ஐப்பசியில் ஆலைக்கும் ஆள் வேண்டும், விதைப்புக்கும் ஆள் வேண்டும். கூலியில் ஆலையோடு புஞ்சை போட்டிபோட முடியாது.

அந்த இடத்தில்தான் இந்த இரண்டு அறைகள் கைகொடுக்கின்றன. வாடகையில் வருகிற பணத்தை மதினி தனி நோட்டில் எழுதுகிறார்: டிராக்டர் உழவு, விதை, களையெடுப்புக் கூலி. வருகிறவர் தங்கிப் போனால் காட்டில் ஏர் ஓடும். இத்தாலியில் 1985-ல் பண்ணைத் தங்கலுக்காக ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். அங்கே விருந்தினர் அறை நடத்துகிறவர் விவசாயியாக இருக்க வேண்டும். விவசாயம்தான் முதல், விருந்து அதற்குத் துணை. மகாராஷ்டிரத்தில் பாண்டுரங் தாவரே என்பவர் 2004-ல் பாராமதிப் பக்கம் விவசாயச் சுற்றுலாவைத் தொடங்கி, பல விவசாயிகளை அந்த வழிக்குக் கொண்டுவந்தார். நமது மத்திய சுற்றுலாத் துறையின் வீட்டுத்தங்கல் திட்டத்திலும் ஆறு அறைகளுக்கு மேல் கூடாது, வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. நான்கு ஏக்கரை வழித்துப் புல்தரை போட்டு, நீச்சல்குளம் வெட்டி, வாசலில் ஒரு மாட்டுவண்டியை அலங்காரத்துக்கு நிறுத்துகிற இடங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அங்கே நிலம் செத்துவிட்டது. மாலைபோட்ட படம்தான் மிச்சம்.

சுற்றிப் பார்க்க நிறைய இருக்கிறது. வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் வைப்பாற்றங்கரை மேட்டை 2022 முதல் தொல்லியல் துறை அகழ்ந்திருக்கிறது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் பொம்மைகளும் குவியல் குவியலாகக் கிடைத்தன. நேற்றுவரை பயிர் செய்த காடு அது. வளையல் அறுத்தவர்களின் பட்டறை மேல்தான் நம்மவர்கள் உழுதிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது, அண்ணனின் காட்டில் காலை வைக்கவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கிழக்கே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் இருக்கன்குடி மாரியம்மன். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா. விருதுநகரில் காமராஜர் பிறந்த வீடு. சாயங்காலமானால் எண்ணெயில் பொரித்த புரோட்டா. ஆனால் ஒரு நாளாவது எங்கும் போகாமல் களத்து வேப்பமரத்தடியில் கிடந்து பாருங்கள்.

கடைசியாகப் போயிருந்தது மாசி மாதம். கிளம்பும்போது களத்தில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. காராச்சேவுப் பொட்டலத்தோடு ஒரு சின்ன மூட்டையையும் கையில் திணித்தார் பெரியம்மா, புது உளுந்து. ரேடியோவில் பேசப்போகிறேன் என்று சொன்னேன். அவர் மேற்கே மலைப்பக்கம் திரண்டிருந்த மேகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ரேடியோக்காரங்ககிட்ட கேட்டுப் பாரேன்யா, இன்னைக்கு மழை இருக்கான்னு."

காலைச் செய்தியில் தென்மாவட்டங்களில் மழை வரலாம் என்று சொன்னதாக நினைவு. சொன்னேன். பதில் பேசாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்துக்கு நடந்தார். மதினி தார்ப்பாயை எடுத்துவர ஓடினார். தங்க வந்திருந்த கோயம்புத்தூர்க்காரர்கள் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உளுந்து கூட்ட இறங்கினார்கள். நானும் பையை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுப் போனேன்.