முகத்துக்குக் களிமண் பூசலாமா?

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டொக்ரர் ஒருவர் மேடையேறினால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்றுதான் தொடங்குவார் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆயத்தமாக இருந்தேன். ஆனால், உங்கள் கேள்விகளைப் பெயர் எழுதாமல் பெட்டியில் போடச் சொல்லியிருந்தோம் அல்லவா? அதைத் திறந்தபோது துண்டுக்குத் துண்டு முகப்பருதான். அதில் ஒரு தங்கை, வீட்டிலேயே களிமண் பூச்சுச் செய்து போட்டால் முகம் தெளியுமா என்று கேட்டிருந்தார். இன்றைய பேச்சு அவருக்கானது.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் சவர்க்காரமே அருமையாக இருந்த காலத்தில் நான் இங்கே படித்தேன். பனங்களியில் உடுப்புத் தோய்த்தோம். பயற்றம்மாவில் முகம் கழுவினோம். பதினைந்து வயதில் என் நெற்றியும் கன்னமும் பருவால் நிறைந்திருந்தன. இல்ல விளையாட்டுப் போட்டியில் அணிநடைக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. அன்று காலை குளத்துக் களியில் தேசிப்புளியைப் பிழிந்து குழைத்துப் பூசினேன். அவசரத்தில் அரைகுறையாகக் கழுவிவிட்டு மத்தியானம்வரை வெயிலில் நின்றேன். அன்று ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் கன்னம் எரிந்து கொப்புளித்தது, பிறகு கறுத்தது. சாறு வழிந்த வழியே தாடையிலிருந்து கழுத்துவரை கறுப்புக் கோடு. அது மறைய மாதக்கணக்காயிற்று. அம்மா களியைத்தான் ஏசினார். மருத்துவ பீடத்துக்குப் போன பிறகுதான் உண்மையான குற்றவாளி தேசிக்காய் என்று எனக்குத் தெரிந்தது. அதிலுள்ள ஒரு வகை இரசாயனம் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் நெருப்புச் சுட்டதுபோலப் புண்ணாக்கும்.

ஆனால் குளத்துக் களியும் நல்லதல்ல. வயல், குளத்து மண்ணில் மெலியோயிடோசிஸ் என்ற கடும் நோயைத் தரும் கிருமி இருக்கலாம். அந்த நோய் எங்கள் நாட்டில் காணப்படுகிறது. பரு உடைந்த தோல் என்றால் கிருமிக்குக் கதவைத் திறந்து விட்டதுபோல.

முகத்துக்கு உகந்தவை இரண்டு. ஒன்று கயோலின் என்ற வெள்ளைக் களி. மட்பாண்டத் தொழிலுக்காக மீட்டியாகொடவில் தோண்டுகிறார்களே, அதே வகைதான். ஆனால் முகத்துக்கென்று சுத்தம் செய்து பொதி செய்ததையே வாங்குங்கள். மற்றது முல்தானி மட்டி. ஆட்டு உரோமத்திலுள்ள எண்ணெய்ப் பசையை எடுக்க ஒருகாலத்தில் இவ்வகை மண்ணைத்தான் பயன்படுத்தினார்கள். உங்கள் முகத்திலும் அது செய்யும் வேலை அதுதான், எண்ணெயை உறிஞ்சுவது.

செய்முறை சின்னது. பீங்கான் கோப்பையில் இரண்டு தேக்கரண்டி களித்தூள். கொதித்து ஆறிய தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுத் தோசைமாப் பதத்தில் குழையுங்கள். தூளை மூக்கருகே தட்ட வேண்டாம். வறண்ட தோல் என்றால் அரைத் தேக்கரண்டி தேன் சேர்க்கலாம். முதல் தடவையானால் முழங்கை மடிப்பில் சிறிது பூசிக் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கடியோ சிவப்போ இல்லையென்றால் கழுவிய முகத்தில், கண்ணையும் உதட்டையும் விட்டு, மெல்லிதாகப் பூசுங்கள். பத்து நிமிடம் போதும். வெடித்து இறுகும்வரை வைத்திருந்தால்தான் பலன் என்பது பிழை. அப்போது தோலின் ஈரமும் போய்விடும். ஓரம் காயத் தொடங்கும்போதே தண்ணீர் தொட்டு இளக்கிக் கழுவுங்கள், உரஞ்ச வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் தேவையில்லை. குழைத்ததில் மிஞ்சியதை வைத்துவிட்டு அடுத்த நாள் பூசக்கூடாது; கிருமி வளரும்.

அப்பச்சோடா சேர்க்கலாமா என்று இன்னொரு துண்டில் இருந்தது. வேண்டாம். ஆரோக்கியமான தோல் சிறிது அமிலத்தன்மையுடையது, அப்பச்சோடா காரம். தேசிப்புளியைப் பற்றி என் கன்னமே சொல்லிவிட்டது.

இனி அந்தத் தங்கையின் கேள்விக்கு நேரான பதில். களி பூசினால் எண்ணெய் வழிவது சில மணி நேரம் குறையும், முகம் மென்மையாக இருக்கும். பரு மாறாது. பரு தோலுக்குள்ளே, மயிர்த்துளை அடைபட்டு அழற்சி ஏற்படுவதால் வருவது; களி மேலோடு நின்றுவிடும். பருவுக்கு பென்சோயில் பெரொக்சைட், அடபலீன் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவை வேலை செய்ய எட்டு வாரமாவது பொறுக்க வேண்டும். கட்டிகட்டியாக வந்தால், தழும்பு விழுந்தால், மாதவிடாய் ஒழுங்கில்லாமல் முகத்தில் மயிரும் வளர்ந்தால் காட்டத் தாமதிக்காதீர்கள். அரசாங்க வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் காசு வாங்குவதில்லை.

அந்த எட்டு வாரம் பொறுக்க முடியாமல்தான் பிள்ளைகள் பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிறீமுக்குப் போகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை. ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்றாகும். பல கிறீம்களில் அந்தப் பளிச்சு ஸ்ரெரொயிட்டின் வேலை. மாதங்கள் போகத் தோல் மெலியும், சின்ன இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு முன்னையதைவிட மோசமாகும். நிறுத்தினால் முகம் எரியும், அதனால் திரும்பவும் அதையே பூசுவார்கள். வேறு சிலவற்றில் பாதரசம். அது தோலூடாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். காலும் முகமும் வீங்கிய பிறகுதான் சிலருக்குத் தெரியவரும். 2013 இல் நாடுகள் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கை இப்படிப்பட்ட கிறீம்களைத் தடைசெய்யச் சொல்கிறது. ஆனாலும் விற்கிறார்கள். செய்தவரின் விலாசமும் சேர்மானங்களும் எழுதப்படாத டப்பாவை வாங்காதீர்கள். ஏற்கனவே பூசுபவர்கள் ஒளிக்காமல் அந்த டப்பாவையும் கொண்டு டொக்ரரிடம் போங்கள். ஸ்ரெரொயிட்டைத் திடீரென்று விடாமல் அவர் சொல்லும் முறையில் விடுங்கள்.

தெளிந்த முகம் வேறு, வெள்ளை முகம் வேறு. இதில் அக்காமாராகிய எங்கள் பிழையும் உண்டு. லீவுக்கு வந்தால் உங்களைக் கண்டதும் "என்ன பிள்ளை, கறுத்துப் போனாய்" என்றுதானே முதலில் சொல்கிறோம்? பரீட்சை எப்படி என்று பிறகுதான் கேட்கிறோம்.

விடுதிப் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. களி கழுவிய தண்ணீரைக் குளியலறைக் குழாயில் ஊற்றாதீர்கள், அடைத்துவிடும். ஒரு வாளியில் கழுவிச் செவ்வரத்தைக்கு ஊற்றுங்கள். எங்கள் காலத்தில் அந்தக் குழாயைத் தோண்டவேண்டி வந்தது. யார் செய்தது என்று வோர்டன் அன்ரிக்கு இன்றுவரை தெரியாது.