எளியோர் கைக்காசு



உரோமானிய நாணயம் என்றவுடன் தமிழ் அவைகளில் பொன்னே பேசப்படுகிறது. யவனர் மரக்கலங்கள் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாட்டு கூறுவதே அதற்குக் காரணம் எனலாம். ஆயின் அகஸ்டசின் பொற்காசு செல்வர்க்கே எட்டும். சிறுபொருளுடையோர் திரட்டுவது வேறொன்று. அது கி.பி. நான்காம் நூற்றாண்டின் செப்புக்காசு. பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டர் குறுக்களவும் இல்லாதது. மேலைநாட்டு வணிகர்கள் அதனை மண் நீக்காமல் குவியலாகவே விற்பர். ஒருவேளை உணவின் விலைக்கே ஒன்று கிட்டும். அமிலமிட்டுத் துலக்குவோர் எழுத்தையும் சேர்த்தே இழப்பர். பொறுமையுடையோர் காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவிடுவர்.

மண் நீங்கிய காசைப் படிப்பது, செய்யுளுக்குப் பொருள் காண்பதை ஒத்தது. முன்புறம் மன்னனின் தலை. பின்புறம் ஒரு காட்சி. அக்காட்சியின் அடியிலுள்ள சில எழுத்துகள், காசு அடிக்கப்பட்ட அக்கசாலை அந்தியோக்கியாவிலா அலெக்சாந்திரியாவிலா இருந்தது என்பதைக் காட்டும்.

கான்ஸ்டன்டைன் காலத்துக் காசொன்றில் வீரர் இருவர் எதிரெதிர் நிற்பர். அவர்களிடையே இரண்டு படைக்கொடிகள். 'படையின் பெருமை' என்பது அதன் வாசகம். 335ஆம் ஆண்டையொட்டிக் காசின் எடை குறைக்கப்பட்டது. வட்டம் சிறுத்தது, இரண்டு கொடிகளுள் ஒன்று மறைந்தது. பெருமை மட்டும் எழுத்துக் குறையாமல் நின்றது! 348ஆம் ஆண்டளவில் வந்த மற்றொரு காசு 'நற்காலம் மீண்டது' என்று முழங்கியது. அதில் குதிரையினின்று வீழும் பகைவனை உரோமவீரன் ஈட்டியால் குத்துகிறான். பத்தாண்டுகள் ஆகுமுன் அந்த நற்காலக் காசும் எடையில் பாதியளவாயிற்று. சாற்றுகவி பாடும் நம்மவர்கள் இக்காசு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் கூறும் காசு தான் கிடந்த இடத்தை மட்டும் கூறுவதில்லை. அதனை எடுத்தவரே கூறவேண்டும். மலிவுக் குவியல்களிலோ அச்செய்தியே முதலில் அழிகிறது. உலோகம் காட்டும் கருவியால் இரவோடிரவாகத் தோண்டுவோர் ஊரைச் சொல்வதில்லை.

மாறாக நடந்ததும் உண்டு. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், ஃபுரோம் என்னும் ஊரருகே, 2010இல் அத்தகைய கருவியோடு வயலில் நடந்த ஒருவர் ஒரு பானையைக் கண்டார். முழுதும் தோண்டாமல் நிறுத்தித் தொல்லியலாரை அழைத்தார். உள்ளே 52,503 காசுகள். எடை ஏறத்தாழ 160 கிலோ. மிகப்பல, மூன்றாம் நூற்றாண்டின் மலிவான காசுகளே. படலம் படலமாக எடுத்தபோது ஒன்று புலப்பட்டது: காலத்தாற் பிந்திய கரௌசியஸ் மன்னனின் காசுகளுட் பெரும்பகுதி மேலே இல்லை, ஆழத்தில் கிடந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பாயின் புதியவை மேலேயன்றோ இருக்கும்? எனவே பானை ஒரே முறையில் நிரப்பப்பட்டது என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். தெய்வத்துக்கு இட்ட காணிக்கையாகலாம் என்ற கருத்தும் எழுந்தது. கண்டவர் அப்பானையைச் சாக்கில் கவிழ்த்திருந்தால், அத்தனை காசும் கிடைத்திருக்கும், இச்செய்தி கிடைத்திராது. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் அவருக்கும் நிலவுடைமையாளருக்கும் வெகுமதி பெற வழிசெய்தது.

இது நமக்கு அயலான செய்தியன்று. நான்காம் நூற்றாண்டின் அதே செப்புக்காசுகள் கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் கிடைத்துள்ளன. இலங்கையிலோ அவற்றைப் பார்த்து அடித்த உள்ளூர்க் காசுகளும் உண்டு. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி தென்னாட்டில் கிடைத்தவற்றை 1994இல் ஊர்ப்பெயரோடு நூலாக்கினார். கரூரில் புழங்கிய காசு எது என்று இன்று பேச முடிவது அத்தகைய பதிவுகளால்தான். பொன்னாயிருந்தால் காவல் நிலையம் வரை செல்லும். செம்பென்றால் பழைய பாத்திரக்கடைக்குச் சென்றுவிடுகிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எப்புதையலையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்னும் 1878ஆம் ஆண்டுச் சட்டம் செம்பையும் விலக்கவில்லை.

திரட்ட விழையும் இளையோர், விலையைக் கேட்குமுன் ஊரைக் கேட்கவேண்டும். விடை கிடைத்தால் காசை இடும் உறையின்மீதே ஊரையும் ஆற்றையும் நாளையும் எழுதிவைக்கலாம். விடை மறுக்கும் வணிகரின் காசை, எவ்வளவு மலிவாயினும், அவரிடமே விட்டுவரலாம்.