பெல்ட் இல்லாம, ஊசி இல்லாம: தரையில இருந்து எடுக்கிற வெயிட்

கோவிலம்பாக்கத்துல இருந்து பேசுறேன். வெளியில 200 அடி ரோட்டு லாரி சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே ஒரு மெசேஜுக்கான பதில்தான். அனுப்பின தம்பியோட பேரைச் சொல்லல. அவர் கேட்டது இதுதான்:

"அண்ணா, எனக்கு 21 வயசு. ரெண்டு வருஷமா ஜிம் போறேன். உடம்பு வெயிட் 70 கிலோ. டெட்லிஃப்ட் எட்டு மாசமா 140-லயே நிக்குது. என்கூட சேர்ந்து ஆரம்பிச்சவன் 200 போயிட்டான். அவன் சைக்கிள் போடுறான்னு எனக்குத் தெரியும். எங்க ஜிம்முல டிரெய்னரே பத்து வாரம் போட்டுப் பாருன்னு சொல்றார். போடலாமா?"

ஜிம் பக்கமே போகாதவங்களுக்காக: சைக்கிள் போடுறதுன்னா ஸ்டிராய்டை வாரக் கணக்கு வெச்சு ஏத்திக்கிறது. ஊசியாவோ மாத்திரையாவோ.

முதல்ல என்னைப் பத்தி ஒரு வரி. நான் டாக்டர் இல்லை, சர்டிஃபைடு கோச்சும் இல்லை. பகல்ல கோடு எழுதுறவன். ஆறு வருஷமா எந்த மருந்தும் எடுக்காம, பெல்ட், ஸ்ட்ராப் எதுவும் போடாம டெட்லிஃப்ட் பண்றேன். 74 கிலோ உடம்புக்கு இதுவரைக்கும் எடுத்தது 185 கிலோ. இன்ஸ்டாகிராம்ல போட்டா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. இன்னைக்குப் பேச்சுக்கு அந்த நம்பரே போதும்.

ஏமாத்த முடியாத ஒரு லிஃப்ட்

டெட்லிஃப்ட் சொல்றதுக்கு ரொம்ப சிம்பிள். தரையில கிடக்கிற பாரைப் பிடிச்சு, நிமிர்ந்து நிக்கணும். அவ்ளோதான். பார் 20 கிலோ. பெரிய பிளேட்டோட விட்டம் 450 மில்லிமீட்டர், அதனால பார் தரையில இருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்துல இருக்கும். நம்ம வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேனை யோசிச்சுப் பாருங்க. தண்ணி மட்டுமே 20 கிலோ. லிஃப்ட் இல்லாத அபார்ட்மென்ட்ல அதை மூணாவது மாடி வரைக்கும் தோள்ல போட்டுட்டு வர்ற அண்ணன், நாள் முழுக்க தரையில இருந்து வெயிட் எடுத்துட்டுதான் இருக்கார். பெல்ட்டும் கிடையாது, ப்ரீ-வொர்க்கவுட்டும் கிடையாது.

பவர்லிஃப்டிங்ல மூணு லிஃப்ட். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட். முதல் ரெண்டுலயும் வெயிட்டோட கீழ இறங்கித்தான் மேல வரணும். கெட்டியான சூட்டோ பெஞ்ச் ஷர்ட்டோ போட்டிருந்தா, இறங்கும்போது அந்தத் துணி ஸ்பிரிங் மாதிரி இழுபட்டு, ஏறும்போது திருப்பிக் கொடுக்கும். டெட்லிஃப்ட்ல இறக்கமே இல்லை. அசையாம கிடக்கிற வெயிட்டை அசைக்கிறதுதான் வேலை. அதனால சூட் இந்த லிஃப்ட்டுக்குக் கொடுக்கிற லாபம் மத்த ரெண்டையும் விடக் கம்மி.

இருந்தாலும் உதவிகள் இருக்கு. ஸ்ட்ராப் கட்டினா கைப்பிடியைப் பத்தின கவலை போயிடும். பெல்ட் வெயிட்டைத் தூக்காது. ஆனா மூச்சை வயித்துக்குள்ள இறக்கி முக்கிப் பிடிக்கும்போது, வயிறு தள்ளுறதுக்கு ஒரு சுவர் மாதிரி நிக்கும். உள்ள அழுத்தம் ஏறும், முதுகெலும்பு அசையாம இருக்கும். சர்வதேச பவர்லிஃப்டிங் ஃபெடரேஷன், அதாவது ஐபிஎஃப், நடத்துற 'கிளாசிக்' போட்டியில பெல்ட்டுக்கு அனுமதி உண்டு, ஸ்ட்ராப்புக்கு இல்லை.

அப்போ நான் ஏன் பெல்ட் போடல? கொள்கை எல்லாம் இல்லைங்க. பெல்ட் இல்லாதப்போ எந்த வெயிட்டுல என் நடுமுதுகு வளைய ஆரம்பிக்குதுன்னு எனக்கு உடனே தெரியுது. அங்க நிறுத்திடுறேன். உங்களுக்குப் பெல்ட் பிடிச்சா போடுங்க, தப்பே இல்லை. ஆனா பெல்ட் இல்லாம முக்கிப் பிடிக்கத் தெரிஞ்ச அப்புறம் போடுங்க.

கைப்பிடி சென்னைக்காரங்களுக்குத் தனிப் பிரச்சினை. மே மாசம் ரெண்டாவது மாடி ஜிம்முல ஃபேனுக்குக் கீழ நின்னாலும் உள்ளங்கை வழுக்கும். சாக் பவுடர் போட்டா தரை அழுக்காகும்னு ஓனர் திட்டுவார். ஒரு கை மேல பார்த்து, ஒரு கை கீழ பார்த்துப் பிடிக்கிற மிக்ஸ்டு கிரிப் பார் உருளாம தடுக்கும். ஆனா மேல பார்த்த கையை மடக்கி இழுத்தா பைசெப்ஸ் கிழியலாம். கை கயிறு மாதிரி நீட்டமா இருக்கணும். கயிறு தூக்காது, மாட்டியிருக்கும், அவ்ளோதான்.

129 கிலோ கல்

'நேச்சுரல்', 'ரா' இந்த வார்த்தை எல்லாம் வெளியில இருந்து வந்ததுன்னு நினைப்போம். திருநெல்வேலி மாவட்டத்துல பணகுடி பக்கம் வடலிவிளைன்னு ஒரு ஊர். அங்க பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குற போட்டி நடக்குது. உருண்டையான, வழவழன்னு இருக்கிற கல். அதுல 129 கிலோ கல்லும் உண்டு. 55 கிலோ கல்லைப் பெண்கள் தூக்குறாங்க. தென் மாவட்டங்கள்ல நிறைய ஊர்ல ஒரு காலத்துல இந்தக் கல் கிடந்திருக்கு. தூக்கினவனுக்குத்தான் பொண்ணுன்னு சொல்ற வழக்கம் இருந்ததால கல்யாணக்கல்லுன்னும் பேரு.

அதைத் தூக்குற விதத்தை வீடியோவுல நிறுத்தி நிறுத்திப் பாருங்க. குத்த வெச்சு உட்கார்ந்து, கல்லைக் கட்டிப் பிடிச்சு, முதல்ல தொடைக்கு ஏத்தி, அங்க இருந்து நெஞ்சுக்கு, நெஞ்சுல இருந்து தோளுக்கு, அப்புறம் பின்னாடி தள்ளி விடணும். பிடிக்கக் கைப்பிடி கிடையாது. கல் உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் கதை முடிஞ்சது. டெட்லிஃப்ட்லயும் இதே கணக்குதான். பார் உங்க பாதத்தோட நடுவுக்கு நேர் மேல இருக்கணும், காலை ஒட்டியே ஏறணும். ரெண்டு இன்ச் முன்னாடி போனா அதே 140 கிலோ உங்க இடுப்புக்கு அதைவிடப் பெரிய வெயிட்டாயிடும். ஸ்கூல் ஃபிசிக்ஸ் நெம்புகோல்தான்.

இளவட்டக்கல்லுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. கல்லோட எடை மாறாது. அதுல ரெண்டரை கிலோ கூட்ட முடியாது, குறைக்கவும் முடியாது. இந்தப் பொங்கலுக்கு முடியலன்னா அடுத்த பொங்கல். நடுவுல ஒரு வருஷம் வயல் வேலை, சாப்பாடு, தூக்கம். ஒரு வருஷம் காத்திருக்கிறது அங்க சாதாரணம். நம்ம தம்பிக்கு எட்டு மாசமே பெரிய விஷயமாத் தெரியுது. அவரைக் குறை சொல்லல. அவர் போன்ல பார்க்கிற நம்பர் அப்படி.

2016-ல எடி ஹால் 500 கிலோ எடுத்தார். 2020-ல 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'ல நடிச்ச ஹாஃப்தோர் பியோர்ன்சன் 501. 2025-ல அவரே 510. இது எல்லாம் ஸ்ட்ராங்மேன் விதிகள்ல வர்ற லிஃப்ட். ஸ்ட்ராப், சூட் எல்லாம் அங்க உண்டு. ஸ்டிராய்டு எடுத்திருக்கேன்னு பியோர்ன்சனே 2017-ல ஒரு டிவி பேட்டியில வெளிப்படையா ஒத்துக்கிட்டார். அவங்க சாதனையை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா அந்த 510-ஐப் பார்த்த கண்ணோட தன்னோட 140-ஐப் பார்த்தா அது சின்னதாத்தான் தெரியும். 70 கிலோ உடம்பு 140 எடுக்குறது தன்னைப் போல ரெண்டு ஆளைத் தரையில இருந்து எடுக்குறதுக்குச் சமம். தெருவுல போற நூறு பேரை நிறுத்தி எடுக்கச் சொல்லிப் பாருங்க, அப்புறம் தெரியும்.

மருந்து வேலை செய்யும். பிரச்சினையே அதுதான்

இப்போ நேரா கேள்விக்கு வரேன். நிறைய பேர் "ஸ்டிராய்டு எல்லாம் சும்மா, உழைப்புதான் எல்லாம்"னு அட்வைஸ் பண்ணுவாங்க. அது பொய். பொய் சொன்னா 21 வயசுப் பையன் நம்ம பேச்சையே கேக்க மாட்டான். ஏன்னா பக்கத்துல ஃப்ரெண்டு 200 எடுக்குறதை அவன் கண்ணால பார்க்கிறான்.

1996-ல ஷலேந்தர் பாசின் தலைமையில ஒரு ஆய்வு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்'ல வந்தது. 43 ஆண்கள், பத்து வாரம். டிரெய்னர் சொன்ன அதே பத்து வாரம். மருந்து இல்லாம பயிற்சி மட்டும் பண்ணவங்களுக்குக் கொழுப்பில்லாத எடை சுமார் 2 கிலோ ஏறுச்சு. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி மட்டும் போட்டு, பயிற்சியே பண்ணாதவங்களுக்குச் சுமார் 3 கிலோ. திரும்பக் கேளுங்க: வெயிட்டே தொடாதவங்களுக்கு, தொட்டவங்களை விட அதிகம். ரெண்டும் பண்ணவங்களுக்குச் சுமார் 6 கிலோ.

அதனால தம்பி, உன் ஃப்ரெண்டு உன்னைவிட அதிகமா உழைச்சு 200 போனான்னு நினைச்சுக்காத. நீ கம்மியா உழைச்சேன்னும் நினைச்சுக்காத. ரெண்டு பேரும் வேற வேற விளையாட்டு ஆடுறீங்க.

சரி, பத்து வாரம் முடிஞ்ச அப்புறம்? வெளியில இருந்து ஹார்மோன் வந்தா மூளை "போதும், நிறைய இருக்கு"ன்னு உள்ள நடக்கிற உற்பத்தியை நிறுத்திடும். விரை சுருங்கும், விந்தணு குறையும். எவ்ளோ குறையும்னா, வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையா உலக சுகாதார நிறுவனமே சோதிச்சுப் பார்த்திருக்கு. நல்லாவே வேலை செஞ்சுது. ஜிம்முல போடுற டோஸ் பல சமயம் அதைவிட அதிகம். நிறுத்தின அப்புறம் உடம்பு பழையபடி சுரக்க மாசக் கணக்குல ஆகலாம். சிலருக்கு முழுசாத் திரும்புறதில்லை. அந்த இடைவெளியில வெயிட்டும் இறங்கும், மனசும் இறங்கும். அதனாலதான் ஒரு சைக்கிள்னு ஆரம்பிச்சவங்க பலர் ஒண்ணோட நிறுத்துறதில்லை. நல்ல கொலஸ்ட்ரால் குறையும், இதயத் தசை தடிக்கும், இது தனிக் கணக்கு. இன்னொண்ணு: தசை வேகமா வளரும், தசைநார் அந்த வேகத்துக்கு வராது. 200 கிலோ பாருக்கு முன்னாடி அது ஆபத்தான கூட்டணி.

போட்டிக்குப் போற எண்ணம் இருந்தா இன்னொரு விஷயம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்போட 2023 கணக்குல இந்தியாவுல 5,606 மாதிரி சோதிச்சு, 213-ல தடை செஞ்ச மருந்து தெரிஞ்சுது. 3.8 சதவீதம். அவ்ளோ அதிக சோதனை நடத்தின நாடுகள்ல நம்ம விகிதம்தான் மேல. அதிகம் சிக்கின விளையாட்டுகள்ல பவர்லிஃப்டிங்கும் ஒண்ணு. பெருமைப்படுற இடம் இல்லை.

ஜிம்முல கைமாறுற பாட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு கொடுக்கிறவருக்கே தெரியாது. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்து அது. சீட்டு எழுதாதவர் கொடுத்தா, நாளைக்கு ஏதாவது ஆனா பொறுப்பும் எடுக்க மாட்டார்.

அப்போ 140-ஐ எப்படித் தாண்டுறது?

மொதல்ல கணக்கு. முதல் வருஷம் வாராவாரம் ஏறும். ரெண்டாவது வருஷம் மாசத்துக்கு ஒரு தடவை. அப்புறம் வருஷத்துக்கு 10 கிலோ ஏறினாலே நல்ல வருஷம். எனக்குக் கடைசி 5 கிலோவுக்கு ஏழு மாசம் ஆச்சு.

தினமும் 140 முயற்சி பண்ணாதீங்க. மேக்ஸ் எடுக்குறது பரீட்சை மாதிரி. தினமும் பரீட்சை எழுதினா படிக்கிறது எப்போ? வாரத்துல ஒரு நாள் கனம்: 115, 120 கிலோவுல மூணு மூணா நாலு செட். இன்னொரு நாள் லேசு: 95, 100-ல, முட்டிக்குக் கீழ ரெண்டு செகண்ட் நிறுத்தி எடுக்கணும். அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் பாதி வேலை. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமா வாங்கி பேக்ல வெச்சுக்கோங்க. ரெண்டரை கிலோவா ஏத்தலாம். தரையில இருந்தே கிளம்பலன்னா கால் பலம் பத்தல. முட்டிகிட்ட நிக்குதுன்னா முதுகும் பின்தொடையும். ஃபோனைப் பக்கவாட்டுல வெச்சு ரெக்கார்ட் பண்ணா தெரிஞ்சிடும்.

சாப்பாட்டுல புரதம், உடம்பு எடைக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் அளவு. 70 கிலோவுக்கு 112 கிராம். ஒரு முட்டையில 6 கிராம்தான், அதனால ரெண்டு முட்டை சாப்பிட்டுட்டு "நான் டயட்ல இருக்கேன்"னு சொல்லக் கூடாது. சுண்டல், சோயா, பன்னீர், சிக்கன், மத்தி மீன், இதெல்லாம் சேர்த்தாதான் கணக்கு வரும். அப்புறம் தூக்கம். நைட் ரெண்டு மணி வரைக்கும் கிளையன்ட் கால்ல இருந்துட்டு, காலையில ஆறு மணிக்குக் கனமான நாள் வெச்சுக்காதீங்க. அன்னைக்கு லேசான நாளா மாத்திக்கோங்க.

முதுகுல இருந்து காலுக்கு மின்சாரம் மாதிரி வலி இறங்கினாலோ, கால் மரத்தாலோ அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. அதுக்கு ஜிம்முல பதில் கிடையாது.

கடைசியா ஒருத்தரைப் பத்திச் சொல்லணும். பொள்ளாச்சி கிட்டம்மாள் பாட்டி. 2024-ல கோவையில நடந்த ஒரு பவர்லிஃப்டிங் போட்டியில கலந்துக்கிட்டு 50 கிலோ டெட்லிஃப்ட் எடுத்தாங்க. அப்போ அவங்களுக்கு 82 வயசு. பேரன்களைப் பார்த்து ஜிம்முக்குப் போக ஆரம்பிச்சவங்க.

தம்பி, உனக்கு 21. பாட்டி வயசு வர இன்னும் 61 வருஷம் இருக்கு. பத்து வாரத்துல என்ன ஏறும்னு மட்டும் பார்த்து முடிவு பண்ணாத. என்னோட பதில்: போடாத. 140 நிக்கட்டும். டிசம்பர் வரைக்கும் மேல சொன்ன மாதிரி பண்ணு, பக்கவாட்டு வீடியோவை எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்க்கலாம். ஏற்கெனவே சைக்கிள்ல இருக்கிறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, உங்களைத் திட்டப் போறதில்லை. ஒரு டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லி, ஹார்மோன், கொலஸ்ட்ரால், கல்லீரல் பார்க்கிற ரத்தப் பரிசோதனை எடுங்க. நிறுத்துறதையும் அவர் மேற்பார்வையில பண்ணுங்க.

அடுத்த எபிசோடு ஸ்குவாட் பத்தி. உங்க கேள்விகளை அனுப்பி வைங்க.