அமைச்சரின் ஒரு கையெழுத்து
(லண்டன் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

வருசப்பிறப்பிலயும் சட்டமோ என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கோ, வடை ஆறமுன்னம் முடித்துவிடுவேன்.

ஸ்டீபன் லோரன்ஸ் என்ற கறுப்பின இளைஞன் 1993இல் கொல்லப்பட்டதும், பொலிஸ் அதை விசாரித்த இலட்சணமும் உங்களுக்குத் தெரியும். மக்பர்சன் அறிக்கை 1999இல் வந்த பிறகுதான், 1976ஆம் ஆண்டு இனஉறவுச் சட்டத்தைத் திருத்தி, பொலிசையும் அரச நிர்வாகத்தையும் அதற்குள் முழுமையாகக் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த 2000ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே ஒரு பின்கதவும் இருந்தது. குடிவரவு விசயத்தில் அமைச்சர் அனுமதித்தால், ஒருவருடைய நாட்டையோ இனத்தையோ பார்த்து அதிகாரிகள் வேறுவிதமாக நடத்தலாம்!

2001இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டிலேயே அமைச்சரின் அனுமதியும் வந்தது. எந்த இனத்தவரைக் கூடுதலாகச் சோதிக்கலாம் என்று அதில் ஒரு பட்டியல். குர்தியர், ரோமாக்கள், அல்பேனியர், சோமாலியர், ஆப்கானியர்... அவர்களோடு தமிழர்.

அதை வாசித்தபோது எனக்குக் கொழும்புச் சோதனைச்சாவடிதான் ஞாபகம் வந்தது. அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "நீ அங்கால நில்" என்பார்கள். நான் என்ன செய்தேன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அதற்குப் பயந்து ஓடிவந்த சனத்துக்கு இங்கேயும் ஒரு பட்டியல்.

நல்லகாலம், எங்கட ஆக்கள் சும்மா இருக்கவில்லை. தமிழர் தகவல் நடுவம் உயர்நீதிமன்றம் போனது. 2002 ஒக்ரோபரில் அந்த அனுமதி சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. பாராளுமன்றம் அமைச்சரிடம் கொடுத்த பொறுப்பை, அவர் அதிகாரிகளின் விருப்பத்துக்குக் கைமாற்ற ஏலாது. இதை எங்கட பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரோமா மக்களும் வழக்காடினார்கள். 2001இல் பிராக் விமான நிலையத்திலேயே பிரித்தானிய அதிகாரிகளை நிறுத்தி, லண்டனுக்கு விமானம் ஏறமுன்னமே ஆட்களை மறித்தார்கள். மற்றவர்களைவிட ரோமா ஒருவர் மறிக்கப்படும் வாய்ப்பு 400 மடங்கு. அது இனப்பாகுபாடு என்று 2004 டிசம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

ஆனால் பின்கதவு பூட்டப்படவில்லை. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்திலும் அந்த விதிவிலக்கு இருக்கிறது. விசா விண்ணப்பங்களை நாட்டைப் பார்த்துத் தரம்பிரித்த கம்பியூட்டர் முறையொன்றை, வழக்குக்குப் பிறகு 2020 ஓகஸ்டில்தான் உள்துறை அமைச்சு கைவிட்டது.

எல்லையில் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கள்ளப் பாஸ்போட் என்றால் பாஸ்போட்டைச் சோதிக்கட்டும். ஒரு இனத்தையே மறிக்கும் அதிகாரம் தனியொரு அமைச்சரின் பேனாவில் இருக்கக்கூடாது. அப்படி ஒரு அனுமதி தேவையென்றால் ஆதாரத்தைப் பாராளுமன்றத்தில் வைக்கட்டும், அதற்குக் காலக்கெடுவும் போடட்டும்.

இதைத்தான் எங்கள் தொகுதி எம்.பி.க்குக் கடிதமாக எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போக முதல் ஒருக்கால் வாசித்துப் பாருங்கோ. சம்மதமென்றால் பெயரையும் விலாசத்தையும் விளங்கக்கூடியமாதிரி எழுதிக் கையெழுத்து வையுங்கோ.