நத்தார் மரமும் நாட்டுக்கொரு பெயரும்

நோட்டன் பிரிட்ஜைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே, டிசம்பர் மாதக் குளிர் இறங்கியதும் லயத்து வாசல்களிற் காகித நட்சத்திரங்கள் தொங்கும். வீட்டார் அப்பண்டிகையைக் 'கிறிஸ்மஸ்' என்பர். அவ்வீட்டுச் சுவரில் உள்ள நாட்காட்டியோ 'நத்தார்' என்று கூறும்.

நத்தார் என்பது போர்த்துக்கேயரின் 'நத்தால்' என்னும் சொல்லின் திரிபு. பிறப்பு என்பது அதன் பொருள். 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் 1658இல் ஆட்சியிழந்து அகன்றனர். சொல் மட்டும் தங்கிவிட்டது. மலையகத் தமிழரின் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820களிலேதான். அப்போது ஆண்டவர் ஆங்கிலேயர். ஆகவே ஆங்கிலச் சொல் அவர்கள் நாவிற் படிந்ததில் வியப்பில்லை. ஆயினும் சிறுவன் ஒருவன் கட்டுரையிற் 'கிறிஸ்மஸ்' என எழுதினால், அதைச் சிவப்பு மையால் அடித்து 'நத்தார்' என்று திருத்தும் ஆசிரியரும் உளர். அத்திருத்தம் வேண்டியதுதானா? மரத்தை அலங்கரிக்கும் வழக்கத்துக்குத் தாயகமான ஜேர்மன் மொழி வழங்கும் நாடுகளை நோக்குவோம்.

அங்கே வடபகுதியார் அம்மரத்தை 'வைநாக்ட்ஸ்பவும்' என்பர். புனித இரவின் மரம் என்பது பொருள். பவேரியாவிலும் ஒஸ்திரியாவிலும் அதுவே 'கிறிஸ்ட்பவும்', கிறிஸ்துவின் மரம். இரண்டும் அகராதியில் உள்ளன. ஒன்று மற்றொன்றைப் பிழை என்று தள்ளுவதில்லை.

அணிகளின் வரலாறு இன்னும் சுவையானது. டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் திருநாள். அன்று நடிக்கப்பெற்ற ஏதேன் தோட்ட நாடகத்துக்கு அப்பிள் தொங்கும் மரமொன்று வேண்டியிருந்தது. 1605ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்திராஸ்பூர்க் நகரக் குறிப்பொன்று காகித ரோசாக்கள், அப்பிள், சர்க்கரைப் பண்டம் முதலியவை தேவதாரு மரத்திற் கட்டப்பட்டதைச் சொல்கிறது. அதாவது, முதல் அணிகளிற் பல தின்னத் தக்கவை! ஒஸ்திரியர் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துச் சுட்டுத் தொங்கவிடும் வளையத்துக்குக் 'காற்றுப் பலகாரம்' என்று பெயர். வாயிலிட்டால் காற்றாய்க் கரைந்துவிடுமாம்.

கண்ணாடி உருண்டை பிறந்த கதை வறுமையின் கதை. தூரிங்கியா மலைக்காட்டிலுள்ள லவுஷா, கண்ணாடி ஊதுவோர் வாழும் ஊர். அப்பிள் வாங்கப் பணமில்லாத தொழிலாளி ஒருவன் கண்ணாடியிலேயே பழம் ஊதினான் என்பது அவ்வூர் மரபு. 1847ஆம் ஆண்டை அதன் தொடக்கமாகக் குறிப்பர். மரத்தில் தொங்கும் வெள்ளியிழைக்கு 'லமெற்றா' என்று பெயர். அது ஜேர்மன் சொல்லன்று, சிறு தகடு என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல். அந்த இழையை ஈயத்தாலும் செய்தனர். தேயிலைப் பெட்டியின் உட்புறத்தில் ஒரு காலத்தில் இடப்பட்டதும் ஈயத் தகடே. ஓர் உலோகம் அங்கே மரத்தை அணிசெய்தது. இங்கே கொழுந்தின் மணத்தைக் காத்தது.

ஜேர்மானியர் இத்தாலியரிடமும், கரையோரத் தமிழர் போர்த்துக்கேயரிடமும் சொல்லைக் கடன் வாங்கினர். தோட்டத்தார் ஆங்கிலேயரிடம் வாங்கியது மட்டும் எவ்வாறு குற்றமாகும்?

பெயர்கள் மனிதரோடு பயணம் செய்பவை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஊசி போன்ற இலைத்தோற்றமுடைய மரத்தைச் சவுக்கு என்பர்; அதன் கிளையே அங்கே பல வீடுகளிற் கிறிஸ்மஸ் மரமாக நிற்கும். அம்மக்கள் கண்டிச் சீமைக்கு வந்தபோது பெயரையும் கொண்டுவந்தனர் போலும். தேயிலைக்கு நிழல் தரும் அவுஸ்திரேலிய மரம் மலையகத்திற் சவுக்கு ஆயிற்று; சிங்களவரும் அதைச் 'சபுக்கு' என்றே அழைக்கின்றனர். தஞ்சையிலிருந்து நோட்டன் பிரிட்ஜுக்கு விருந்து வந்த உறவினர், "சவுக்குக் கிளை வெட்டி வா" என்று சொன்னால், பெயர் மாறாமல் மரம் மட்டும் மாறி வந்து சேரும்.